கம்பைநல்லூரில் ஒரு கூரையில்லாத ஹால்

நான் முன்பு வரைபடம் வரைந்த கட்டட அலுவலகத்தை இப்போது நடத்துகிற பிள்ளைகள் மூன்று பேர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். யாரோ ஒருவருக்குத் தோட்டத்து நடுவில், திறந்தவெளியில், சோபா, அடுப்பு, சின்னதாக ஒரு குளம், மரப்பலகைத் தரை எல்லாம் வைத்துக் கட்டப்போகிறார்களாம். கைப்பேசியில் ஒவ்வொரு படமாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தன. "உங்க காலத்துல தருமபுரி பக்கம் இந்த மாதிரி யாராச்சும் கேட்டிருக்காங்களா மேடம்?" என்றாள் அவர்களில் ஒருத்தி. கேட்டிருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். அவர்கள் போன பிறகு இரண்டு நாள் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. எழுதினால் மனசு கொஞ்சம் இறங்கும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் படித்தது சேலத்தில், கட்டட வரைபடத் தொழில். இரண்டு வருடப் படிப்பு. வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். மற்றவள் பாதியில் கல்யாணமாகிப் போய்விட்டாள். முடித்ததும் தருமபுரியில் எஞ்சினியர் ராமலிங்கத்தின் அலுவலகத்தில் ட்ரேசர் வேலை கிடைத்தது. அவர் பென்சிலால் போட்ட வரைபடத்தின் மேல் மெழுகு பூசிய மெல்லிய துணியை விரித்து, கருப்பு மசியால் கோடு கோடாகப் படி எடுக்க வேண்டும். அதுதான் ட்ரேசர் வேலை. துணியில் வியர்வை பட்டால் மசி பிடிக்காது. முழங்கைக்கு அடியில் ஒரு கைக்குட்டையைப் போட்டுக்கொண்டே என் இருபதுகள் கழிந்தன.

எஞ்சினியருக்கு என்னைவிட மூன்று வயதுதான் கூட. ஆனால் நடையும் பேச்சும் ஐம்பது வயதுக்காரரைப் போல. கொத்தனார், சித்தாள், நான், எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். திட்டியதே கிடையாது. வரைபடத்தில் தப்பு இருந்தால் அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு, டீ குடிக்கக் கிளம்பிவிடுவார். என்ன தப்பென்று நாமாகக் கண்டுபிடிக்க வேண்டும். அவர் திரும்பி வருவதற்குள் திருத்தியிருந்தால் அந்தப் பேச்சே வராது.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அரூரில் ஒரு டாக்டர் வீட்டு முற்றம். தரை எந்தப் பக்கம் சாய வேண்டும் என்று காட்டுகிற அம்புக்குறியை நான் படியெடுக்கும்போது திருப்பிப் போட்டுவிட்டேன். அவர் எப்படியோ அதைக் கவனிக்கவில்லை. அப்படியே கட்டிவிட்டார்கள். முதல் மழையில் தண்ணீர் முழுதும் வீட்டுப் பக்கம் வந்து, டாக்டரின் பிரம்பு நாற்காலிகள் மிதந்தன. எஞ்சினியர் என்னையும் அழைத்துக்கொண்டு அரூர் போனார். டாக்டரிடம் "என் தப்புங்க" என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியால் தண்ணீர் அள்ளி ஊற்றத் தொடங்கினார். நானும் அள்ளினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார். "இனிமே எந்த எடமா இருந்தாலும் ஒரு கொடம் தண்ணி ஊத்திப் பாத்துட்டு வரையலாமுங்க."

அன்றிலிருந்து அவருடைய முறையே மாறியது. திறந்தவெளி வேலை எது வந்தாலும் முதலில் ஒரு முழு நாள் அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருப்போம். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது ஓடுகிற வழியைப் பார்ப்பார். ஊதுபத்தி கொளுத்தி நாலு மூலையிலும் நட்டு, புகை போகிற திசையைக் குறித்துக்கொள்வார். மணிக்கொருமுறை நிழல் விழுகிற இடத்தின் ஓரமாக நான் சுண்ணாம்புப் பொடியில் கோடு போடுவேன். சாயங்காலம் பார்த்தால் தரை பெரிய கோலம் போலிருக்கும். எந்த இடத்தில் கோடுகள் நெருங்கி விழுந்திருக்கின்றனவோ அங்கேதான் நிழல் அதிக நேரம் நின்றிருக்கிறது. உட்காருகிற இடம் அங்கே. இன்னொன்றும் செய்வார். வீட்டுப் பெண்கள் தலை காயவைப்பது எங்கே, முறம் எடுத்துக்கொண்டு உட்காருவது எங்கே என்று கேட்டுவரச் சொல்லி என்னை உள்ளே அனுப்புவார். "அவுங்களுக்குத் தெரியாத நெழலு இந்த வூட்ல இருக்காதுங்க" என்பார்.

இப்படித்தான் கம்பைநல்லூர் சென்னப்பக் கவுண்டர் வீட்டுக்கும் போனோம். கடலை வியாபாரமும் புளி வியாபாரமும் செய்து வளர்ந்த மனிதர். ஏற்காட்டில் ஒரு துரை பங்களாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். பூக்கொடி படர்ந்த பந்தல், பளபளக்கிற கல் தரை, நடுவில் தாமரைத் தொட்டி, சுற்றிலும் பிரம்பு நாற்காலி. "மேல கூரயில்லாத ஹாலுங்க எஞ்சினியர். அந்த மாதிரி எனக்கு ஒண்ணு வேணும். சின்னவளுக்கு நிச்சயம் பண்ணப்போறோம். மாப்பள வூட்டுக்காரங்க பெரிய எடம். வந்து ஒக்காந்தா அவுங்களே அசந்து போவணும்" என்றார். வீட்டின் தெற்குப் பக்கம் இருந்த பழைய களத்தைக் காட்டினார். அதன் மேற்கு ஓரத்தில் ஒரு பெரிய வேப்பமரம்.

அன்று முழுதும் அங்கே சுண்ணாம்புக் கோடு போட்டேன். மத்தியானம் வழக்கம்போல வீட்டுக்குள் போனேன். கவுண்டரின் மனைவி மோர் கொடுத்தார். தலை காயவைக்கிற இடத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கும்போது, களத்தைப் பார்த்த கடைசி அறையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கடைசியா போட்ட கோடு தப்புங்க. மரத்து நெழலு அங்க ரெண்டு மணிக்குத்தான் வரும். நீங்க ஒரு மணின்னு எழுதியிருப்பீங்க."

கவுண்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. "அது எங்க பெரியவ கண்ணு, சரசு" என்றார் மெதுவாக. "வெளிய வரமாட்டா."

போய்ப் பார்த்தேன். என் வயதுப் பெண். நாலு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போயிருந்தன. உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து ஜன்னலுக்கு வந்தாள். அந்த ஜன்னல் வழியாகத் தெரிந்த களம்தான் அவளுக்கு மொத்த உலகமும். அறைக்குக் களத்துப் பக்கம் ஒரு கதவு உண்டு. கதவுக்கு வெளியே மூன்று உயரமான படிகள். சின்ன வயதில் அப்பா தூக்கிக்கொண்டு போய்க் களத்தில் விடுவாராம். "வயசுக்கு வந்தப்பறம் தூக்கறத நிறுத்திட்டாரு. அம்மாவால தூக்க முடியாது. பதினோரு வருசமாச்சுங்க" என்றாள். அழவில்லை. ஏதோ பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னாள். என் குறிப்பு நோட்டைப் பிரித்துப் பார்த்தேன். கடைசிக் கோட்டுக்கு எதிரில் ஒரு மணி என்றுதான் எழுதியிருந்தேன்.

அன்றிலிருந்து நான் அளவெடுக்கப் போகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்ச நேரம் அவளோடு உட்கார்ந்தேன். தருமபுரியில் நான் குடியிருந்தது குமாரசாமிப்பேட்டைச் சந்தொன்றில், பகலிலும் விளக்குப் போட வேண்டிய ஒற்றை அறை. அம்மாவுக்கும் எனக்கும் பேச்சு தெலுங்கில், அதுவும் சமையலைப் பற்றி. ஒரு பெண் என் வேலையைப் பற்றி என்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. மசி எப்படிக் காய்கிறது, வளைந்த கோட்டை எப்படி இழுப்பது, துணியில் வரைந்ததை எப்படி வெயிலில் வைத்து நீலப் பிரதி எடுப்பது, எல்லாம் அவளுக்குத் தெரிய வேண்டும். சொல்லிக்கொண்டே இருப்பேன். சைட்டுக்குப் போகிற நாள் எப்போது வரும் என்றிருக்கும்.

எஞ்சினியரிடம் சரசுவைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "படிய எடுத்துட்டு சரிவு குடுக்கலாமுங்க. ஆனா எவ்ளோ சரிவு இருந்தா கையால ஏற முடியும்னு எனக்குத் தெரியாதே" என்றார். அப்புறம் அலுவலகத்து நீளப் பலகையைக் காட்டிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் பலகையின் ஒரு முனைக்கு அடியில் செங்கல் அடுக்கி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கால்களை மடக்கி உட்கார்ந்து, கைகளை ஊன்றி ஏறிப் பார்த்தேன். எட்டடிக்கு ஓரடி உயரம் வைத்தபோது மணிக்கட்டு விட்டுப்போனது. பன்னிரண்டு அடிக்கு ஓரடி என்றபோது மூச்சு வாங்காமல் ஏற முடிந்தது. அவள் அறைத் தரை களத்தைவிட இரண்டடி உயரம். இருபத்துநாலு அடி நீளச் சரிவு, சுவரோரமாக.

அதோடு, அவள் கையூன்றி நகர வசதியாக மற்றவையும் மாறின. கவுண்டர் கேட்ட பளபளப்பான கருப்புக் கல், எஞ்சினியர் முதலில் வரைந்த சொரசொரப்பான கருங்கல், கடப்பாக் கல் மூன்றையும் களத்தில் பரப்பி, சித்திரை மாதம் மத்தியானம் இரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் ஏறி நின்றோம். கருப்புக் கல்லில் பத்து எண்ணுவதற்குள் எஞ்சினியர் குதித்து இறங்கினார். கடப்பாக் கல்லும் சூடுதான். சொரசொரப்பான கல்லில் நிற்க முடிந்தது, ஆனால் உள்ளங்கையை வைத்து இழுத்தால் தோல் உரிந்தது. கடைசியில், அதே கருங்கல்லை உளியால் நுணுக்கமாகப் பொளிந்து போடுவது என்று முடிவாயிற்று. கல்லுக்குக் கல் புல் வளர்க்க விட்டிருந்த இடைவெளியையும் மூடினார். தாமரைத் தொட்டி நடுவிலிருந்து ஓரத்துக்குப் போனது. நாற்காலிகளுக்கான இடம் வேப்பமரத்துக்குக் கிழக்கே வந்தது. மத்தியானத்துக்கு மேல் மர நிழல் அங்கேதான் நிற்கும். பந்தலில் வெயில் பக்கம் முல்லை.

நீலப் பிரதியை விரித்ததும் கவுண்டரின் விரல் நேராகச் சரிவில்தான் போய் நின்றது.

"இது என்னங்க?"

"பெரிய பாப்பா வந்து போறதுக்குங்க" என்றார் எஞ்சினியர்.

கவுண்டர் விரலை அங்கிருந்து எடுக்கவில்லை. "பொண்ணு பாக்க வர்றவங்க மொதல்ல அவளத்தான் பாப்பாங்க. அப்பறம் ரத்தத்துல நோயிருக்குதோம்பாங்க. சின்னவ வாழ்க்க போயிரும். இந்த வழி வேணாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எங்களால் எதிர்த்துப் பேச முடியவில்லை.

பஸ்ஸில் எஞ்சினியர் சொன்னார்: "அவரு வூடு, அவரு சொல்றதுதான். மாத்திருங்க." மறுநாள் துணியை விரித்துப் பிளேடை எடுத்தேன். மசியைச் சுரண்ட வேண்டும். சரிவின் இரண்டு கோடுகளில் ஒன்றின் முனையில் பிளேடை வைத்தேன். வைத்தபடியே எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. பிறகு கோடுகளை விட்டுவிட்டு, 'சரசு அறை வழி' என்று எழுதியிருந்ததை மட்டும் சுரண்டினேன். அந்த இடத்தில் 'வடிகால் சரிவு' என்று எழுதினேன். வேலை போகும் என்று தெரியும். என் சம்பளத்தில்தான் அம்மாவும் நானும் சாப்பிட்டோம்.

எஞ்சினியர் அதைச் சரிபார்க்க உட்கார்ந்தார். வழக்கம்போலப் பென்சிலின் பின்முனையை ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓட்டிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் பென்சில் நின்றது. புள்ளி வைப்பார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை. கீழே கையெழுத்துப் போட்டார். டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

கல் வேலை காதர் பாயுடையது. தருமபுரிக்காரர், கூட ஆறு ஆட்கள். கவுண்டர் கடலை கொள்முதலுக்காக இரண்டு வாரம் வெளியூர் போயிருந்தபோது சரிவு முடிந்துவிட்டது. "வடிகாலுக்கு எதுக்கும்மா இவ்ளோ வழவழப்பு?" என்று காதர் பாய் என்னிடம் கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்கப்புறம் இன்னும் மெல்லிய உளியை எடுத்துக்கொண்டார்.

கவுண்டர் திரும்பி வந்த காலை எஞ்சினியரும் நானும் அங்கேதான் இருந்தோம். செருப்பைக் கழற்றாமல் நேராகக் களத்துக்கு வந்தார். மூன்று படிகளும் போயிருந்தன. சரிவு மகளின் கதவில் போய் முடிந்திருந்தது.

"வடிகாலு வூட்டுக்குள்ளயிருந்தா வரும்?" என்றார்.

"வடிகால் இல்லீங்க" என்றேன். "உங்க பொண்ணுக்குத்தாங்க. பேர மாத்தி எழுதுனது நான். எஞ்சினியருக்குத் தெரியாது."

"தெரியுங்க" என்றார் எஞ்சினியர். "பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்."

கவுண்டர் எங்களைப் பார்க்கவில்லை. காதர் பாய் பக்கம் திரும்பி, "பாய், இத இடிச்சிருங்க" என்றார்.

ஜன்னலில் சரசு இருந்தாள். "இடிக்கட்டும்பா" என்றாள். "ஒருக்கா எறங்கிப் பாத்துர்றேன். அப்பறம் இடிக்கச் சொல்லுங்க."

உள்ளே தாழ்ப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது. பல வருடம் திறக்காத தாழ். அவள் கைக்கு எட்டாத உயரம். எதனாலோ தட்டித் தட்டித் திறந்தாள். கதவு விலகியதும் காதர் பாய் தன் ஆட்களைப் பார்த்து ஏதோ சைகை காட்டினார். ஆறு பேரும் உளியை வைத்துவிட்டு எழுந்து, முதுகைக் காட்டிக்கொண்டு மதிலைப் பார்த்து நின்றார்கள். பாயும் திரும்பி நின்றார். எஞ்சினியரும் திரும்பிக்கொண்டார்.

சரசு இறங்கினாள். இடுப்பை ஒரு சாண் தூக்கி, நகர்ந்து, நின்று, மறுபடியும். இருபத்துநாலு அடி. பாதியில் ஒரு கணம் நின்று உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். களத்துக்கு வந்ததும் வெயில் முகத்தில் அடித்துக் கண் கூசியது. கண்ணை மூடிக்கொண்டே முகத்தை மேலே தூக்கி உட்கார்ந்திருந்தாள். கண்ணீர் வழிந்தது, கண் கூசியதாலா வேறெதனாலா, எனக்குத் தெரியாது. நான் அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கல் அதற்குள் வெயிலில் சூடேறியிருந்தது. கவுண்டர் மெதுவாக நடந்து அவளிடம் போனார். தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து, அவள் பக்கத்தில் தரையில் போட்டார். "சுடுது. இது மேல ஒக்காரு" என்றார். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். அவர் அங்கேயே வெயிலில் நின்றார். அவருடைய நிழல் அவள் மேல் விழுந்தது.

கொஞ்ச நேரம் கழித்து சரசுதான் பேசினாள். "பாய், மேலயிருந்து ஏழாவது கல்லு ஓரம் தூக்கிட்டிருக்குது. கையக் கிழிக்குது."

காதர் பாய் திரும்பாமலே, "பாத்துர்றேன் தாயி" என்றார்.

கவுண்டர் எங்களைப் பார்த்து, "வேலயப் பாருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட ஆசைதான். நிச்சயம் பேச வந்தவர்கள் முல்லைப் பந்தலையும் தாமரைத் தொட்டியையும் பார்த்து அசந்துதான் போனார்கள். சரசுவையும் பார்த்தார்கள். ஊருக்குப் போய், ஜாதகம் சரியில்லை என்று ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார்கள். தங்கை ஒரு வருடம் சரசுவோடு பேசவில்லை. என்னைப் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அவளுக்குச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு உறுத்துகிறது. பின்னால் பென்னாகரத்தில் ஒரு நல்ல இடத்தில் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த ஒரு வருடம் அவளுடையது. அதை நான் எடுத்துக்கொண்டேன்.

வேலை முடிந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கம்பைநல்லூர் போனேன். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் திரும்புவேன். வேப்பமரத்து நிழல் நகர நகர சரசுவும் நானும் கூடவே நகர்ந்து உட்காருவோம். மழை வந்தால் அவள் உள்ளே போகமாட்டாள், நானும் போனதில்லை. மழை விட்டதும் தலை துவட்டிக்கொண்டே நிறையப் பேசினோம். என்ன பேசினோம் என்று கேட்டால் நினைவில்லை. ஈரக் கல்லின் மேல் வேப்பம்பூ ஒட்டிக் கிடந்தது மட்டும் நினைவிருக்கிறது. எத்தனையோ வீடுகளுக்கு எத்தனையோ முற்றம் வரைந்தேன். வேறு எங்கேயும் எனக்கு உட்காரத் தோன்றியதில்லை. இப்போதும் சாயங்காலமானால் மனம் எழுந்து அங்கேதான் போகிறது.

அப்பாவிடம் சொல்லி அவள் ஒரு கை மெஷின் வாங்கினாள். ரவிக்கை தைக்கத் தொடங்கினாள். அறைக்குள் வரத் தயங்குகிற பெண்கள் களத்துக்குத் தாராளமாக வந்தார்கள். பின்னர் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். பிரம்பு நாற்காலிகள் ஓரத்துக்குப் போயின. கவுண்டர் அதிலொன்றில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டு, நூல்கண்டு உருண்டு வந்தால் எடுத்துக் கொடுப்பார்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, திருச்சிப் பக்கம். அதைச் சொல்லத்தான் கடைசியாகப் போனேன். அன்று களத்தில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். ஏதோ திருவிழாவுக்கு முந்தின வாரம், எல்லாருக்கும் அவசரம். துணியும் சிரிப்புமாக இருந்தது அந்த இடம். சரசு நடுவில் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது. "வசந்தா, செத்த நேரம் இருங்க. இத முடிச்சுட்டு வந்தர்றேன்" என்றாள்.

மரத்தடியில் உட்கார்ந்தேன். ஒருத்தி போனால் இருவர் வந்தார்கள். கவுண்டரம்மா காப்பி கொண்டுவந்து கொடுத்தார். நிழல் தொட்டியைத் தாண்டியது. இரண்டு தடவை அவள் என் பக்கம் திரும்பினாள். இரண்டு தடவையும் யாரோ அளவு கேட்டார்கள். பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலவும் இருந்தது.

பஸ்ஸுக்கு நேரமாயிற்று. எழுந்து அவளருகில் போய் நின்றேன். ஒரு சின்னப் பெண்ணுக்குப் பாவாடை இடுப்பில் மடிப்புப் பிடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் துணி. பல்லுக்கிடையில் நூலைக் கடித்திருந்தாள். பேச முடியவில்லை. தாடையை அசைத்து, உட்காருங்க, உட்காருங்க என்றாள். கண்ணில் அவ்வளவு சந்தோஷம்.

சரி என்று தலையாட்டிவிட்டு, சாலைக்குப் போய் பஸ் ஏறினேன்.